கார் கழுவும்போதுதான் கீறல் விழுகிறதா? போர் தண்ணீர் வீட்டில் காரைப் பராமரிப்பது எப்படி? எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

சென்னை அசோக் நகரின் அவென்யூக்களில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து போனால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வாசலில் கார், பக்கத்தில் ஒரு வாளி, கையில் ஒரு பழைய துணி. சில வீடுகளில் மோட்டார் போட்டு ஹோஸ் பிடிக்கிறார்கள். சில அடுக்குமாடிகளில் ஒரே வாளித் தண்ணீரில் ஆறேழு கார்கள் வரிசையாகத் துடைக்கப்படுகின்றன.

கார் சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு வருடம் கழித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்க சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள், கண்ணாடியில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள். “தினமும் துடைக்கிறோமே, அப்புறம் எப்படி?” என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது.

பதில் கொஞ்சம் கசப்பானது. பெரும்பாலான கீறல்கள் சாலையில் விழுவதில்லை. துடைக்கும்போதுதான் விழுகின்றன. வீட்டிலேயே செய்யும்போது எதை வாங்க வேண்டும், எதை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது.
• போர் தண்ணீரை காரின் மேல் காயவிடக் கூடாது.
• வெயிலில், சூடான பானட்டில் எந்தப் பொருளையும் போடக் கூடாது.
• ஆரம்பத்தில் ஷாம்பு, வாஷ் மிட், இரண்டு வாளி, நல்ல மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு ஸ்பிரே வாக்ஸ் போதும்.
• பாலிஷ், காம்பவுண்டு என்பவை பராமரிப்பு அல்ல, சிகிச்சை. தேவைப்பட்டால் மட்டும்.

காரின் பளபளப்பு எங்கே இருக்கிறது?

கார் பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. இரும்புத் தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு, வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்துக்குப் பாதுகாப்பு, இரண்டுமே இந்தக் கிளியர் கோட்டின் வேலை.

இதன் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதாவது காரின் மொத்தப் பளபளப்பும் ஒரு முடியைவிட மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. நம் தோல் போல இது மீண்டும் வளராது. ஒவ்வொரு முறை காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும்போதும் கொஞ்சம் குறையும். மிகவும் மெலிந்துவிட்டால் வெளுத்து, உரிந்து வரும். அதன்பிறகு ரீபெயின்ட் தவிர வேறு வழியில்லை. பழைய கார் விற்கும்போது, வாங்க வருபவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

அதனால் கார் பராமரிப்பில் உண்மையான கேள்வி, “எப்படி இன்னும் பளபளப்பாக்குவது?” என்பதல்ல. “இருக்கும் கிளியர் கோட்டை எப்படிக் காப்பாற்றுவது?” என்பதுதான்.

அசோக் நகரில் காருக்கு எதிரிகள் யார்?

தூசி: அசோக் நகர் 100 அடி சாலைப் போக்குவரத்து ஒரு பக்கம். வடபழனி, கோடம்பாக்கம் வழியாகப் போகும் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் கட்டுமானப் பணி இன்னொரு பக்கம். தெருவுக்குத் தெரு பழைய வீடுகளை இடித்துக் கட்டப்படும் அடுக்குமாடிகள் வேறு. மணலும் சிமென்ட் தூளும் கலந்த தூசி கிட்டத்தட்ட உப்புத்தாள் மாதிரி. அதன்மேல் துணியை வைத்து இழுத்தால் கீறல் நிச்சயம்.

மரங்களும் பறவைகளும்: நிழல் தரும் மரத்தடியில் நிறுத்தினால் பூ, பிசின், காக்கை எச்சம் எல்லாம் சேர்ந்து வரும். பறவை எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும்போது எச்சம் அதில் அச்சுப் போல் பதிந்துவிடும். அன்றே எடுத்தால் தடம் இருக்காது. ஒரு வாரம் விட்டால் பாலிஷ் போட வேண்டிவரும்.

பண்டிகை: ஆயுத பூஜையன்று வைத்த சந்தனம், குங்குமம் காய்ந்து பானட்டில் கறையாக நிற்கும். ஆரத்தி நீரில் சுண்ணாம்பு இருக்கும் என்பதால் அது பட்டுக் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். தீபாவளி மறுநாள் காரின் மேல் படியும் பட்டாசுச் சாம்பலும் சொரசொரப்பானது. மூன்றுக்கும் ஒரே மருந்துதான்: அன்றே, முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகு கழுவுவது. காய்ந்த துணியால் சுரண்டக் கூடாது.

தண்ணீர்: இதுதான் பலர் கவனிக்காத எதிரி.

முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள்

போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உள்ளிட்ட உப்புகள் கரைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. காரின் மேல் நின்ற துளி காய்ந்ததும் அதன் ஓரத்தில் வெள்ளை வளையமாக உட்கார்ந்துகொள்வது அந்த உப்புதான்.

எவ்வளவு உப்பு? டி.டி.எஸ். மீட்டர் என்ற சிறிய கருவியில் தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 படி, ஒரு லிட்டரில் கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. ஒரு வீட்டின் போர் தண்ணீர் 1,500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் ஒரு லிட்டர் காரின் மேல் காய்ந்தால், ஒன்றரை கிராம் உப்பு காரிலேயே தங்கிவிடுகிறது. வாரா வாரம் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

போர் தண்ணீரின் தரம் தெருவுக்குத் தெரு, சீசனுக்கு சீசன் மாறும். பக்கத்து வீட்டு அளவு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்:

• டி.டி.எஸ். 300-க்குள் இருந்தால் கவலை குறைவு. வழக்கம்போல் கழுவித் துடைத்தால் போதும்.
• 500-க்கு மேல் என்றால் ஒரு பகுதியைக் கழுவியதும் உடனே ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.
• 1,000-ஐத் தாண்டினால் கடைசி அலசலுக்காவது வேறு தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

வேறு தண்ணீருக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருக்கிறது. ஸ்பிளிட் ஏசியின் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரப்பதம் குளிர்ந்து வரும் நீர், அதில் உப்பு மிகக் குறைவு. சென்னையின் புழுக்கத்தில் இரவெல்லாம் ஏசி ஓடினால் சில லிட்டர் எளிதாகச் சேரும். மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி அலசலுக்கும் கண்ணாடி துடைக்கவும் பயன்படுத்தலாம். (பேட்டரிக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான்.) மாடியில் பிடித்த மழைநீரும் நல்லது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் பல வீடுகளில் குழாய் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது.

ஆர்.ஓ. கழிவு நீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீணாக்காமல் காருக்கு ஊற்றுவது நல்ல எண்ணம்தான். ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் பிரித்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. உள்ளே போன தண்ணீரைவிட அதன் டி.டி.எஸ். அதிகம். டயர், மட்கார்டு, மிதியடி கழுவலாம். பெயின்ட் மேலும் கண்ணாடி மேலும் கடைசியாக ஊற்ற வேண்டாம்.

எதை வாங்கலாம்?

அண்ணா சாலை பக்கத்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் ஆன்லைனிலும் நூறு வகை பாட்டில்கள் உண்டு. 3எம், டர்ட்டில் வாக்ஸ், மெக்வையர்ஸ், சோனாக்ஸ் என்று பிராண்டுகளும் பல. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை. கீழே உள்ளவை போதும்.

1. கார் ஷாம்பு: பாட்டிலில் ‘பி.எச். நியூட்ரல்’ என்று இருக்க வேண்டும். அமிலமும் இல்லை, காரமும் இல்லை என்று அர்த்தம். நுரை அதிகம் வருவது தரத்துக்கு அடையாளம் அல்ல. துணி வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதுதான் முக்கியம். விலையை மட்டும் பார்க்காமல், ஒரு முறைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு வாளிக்கு 30 மில்லி என்றால் 500 மில்லி பாட்டில் 16 முறை வரும்.

2. மைக்ரோஃபைபர் வாஷ் மிட்: கையில் மாட்டிக்கொள்ளும் உறை. நீளமான இழைகளுக்குள் மண் போய்விடும், பெயின்ட் மேல் உரசாது. ஸ்பாஞ்சில் மண் மேற்பரப்பிலேயே நிற்கும், அதுவே கீறும்.

3. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். அடியில் சல்லடைத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. மண் கீழே தங்கிவிடும்.

4. மைக்ரோஃபைபர் துணிகள்: ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. உள்ளே துடைக்க 300 சுற்றளவு போதும். ஈரம் உறிஞ்ச 500-க்கு மேல் உள்ள பெரிய துணி வேண்டும். நிறம் பிரித்து வாங்குங்கள்: பெயின்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, வீலுக்கு ஒன்று. வீல் துடைத்த துணி எந்தக் காலத்திலும் பானட் பக்கம் வரக் கூடாது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும்.

5. ஸ்பிரே வாக்ஸ் அல்லது ஸ்பிரே சீலன்ட்: கழுவிய பிறகு தெளித்துத் துடைப்பது. கிளியர் கோட்டுக்கு மேல் ஒரு மெல்லிய மேலாடை.

6. ஒரு வீல் பிரஷ், உள்ளே தூசி தட்ட ஒரு மென்மையான பிரஷ்.

அவ்வளவுதான். காம்பவுண்டு, பாலிஷ் மெஷின், நுரை பீய்ச்சும் துப்பாக்கி எல்லாம் இரண்டாம் கட்டம்.

கழுவும் முறை: படிப்படியாக

நேரம்: காலை 7 மணிக்கு முன், அல்லது மாலை வெயில் இறங்கிய பின். பானட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். சூட்டில் ஷாம்பு அலசுவதற்கு முன்பே காய்ந்து திட்டாகிவிடும்.

படி 1: வீலில் ஆரம்பியுங்கள். பிரேக் தூசியும் சேறும் இருப்பது அங்கேதான். கடைசியில் செய்தால் அழுக்கு தெறித்து, கழுவிய கதவு மீண்டும் அழுக்காகும். இதற்குத் தனி தண்ணீர், தனி துணி.

படி 2: வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். கையே வைக்காதீர்கள். கீறலைத் தடுப்பதில் பாதி வேலை இந்த ஒரு படியில் முடிந்துவிடும். ஹோஸ் இல்லாவிட்டால் சொம்பில் மேலிருந்து ஊற்றினாலும் போதும்.

படி 3: மிட்டை ஷாம்பு வாளியில் நனைத்து, கூரையில் தொடங்கி கீழே வாருங்கள். கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல் பாதி, கடைசியில் கதவின் கீழ்ப் பாதியும் பம்பரும். அழுக்கு அதிகமான இடம் கடைசியில்.

படி 4: ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீர் வாளியில் அலசி, பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். நேர்கோட்டில் தேய்க்கவும். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல்தான் வெயிலில் சிலந்தி வலையாகத் தெரியும்.

படி 5: ஷாம்பு காய்வதற்குள் அலசவும். போர் தண்ணீர் உப்பு அதிகம் என்றால் ஒரு பக்கம் கழுவி, அலசி, துடைத்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள்.

படி 6: பெரிய துணியை விரித்து, ஈரத்தின் மேல் படுக்க வைத்து மெல்ல இழுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கதவைத் திறந்து ஓரங்கள், கண்ணாடியின் அடிப்பகுதி, பெட்ரோல் மூடி எல்லாவற்றிலும் தங்கிய தண்ணீரை எடுத்துவிடுங்கள்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் டயரின் பக்கச் சுவர், சென்சார், கதவு ரப்பர் ஆகியவற்றுக்கு மிக அருகில் பீய்ச்ச வேண்டாம். பானட்டைத் திறந்து எஞ்சின் பகுதியில் அடிப்பதும் வேண்டாம். வயர் இணைப்புகளுக்குள் தண்ணீர் போனால் செலவு வேறு மாதிரி இருக்கும்.

ஒரு வாளித் தண்ணீரில் கழுவ முடியுமா?

முடியும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடும் ஹோஸை 15 நிமிடம் திறந்து வைத்தால் 150 லிட்டர் போய்விடும். சென்னைக்கு இது சின்ன விஷயம் அல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது.

‘ரின்ஸ்லெஸ் வாஷ்’ என்ற திரவம் இதற்காகவே இருக்கிறது. பாட்டிலில் சொன்ன அளவில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, அதில் நனைத்த மைக்ரோஃபைபரால் ஒரு பகுதியைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரம் எடுத்துவிட வேண்டும். அலசத் தேவையில்லை. திரவத்தில் உள்ள பாலிமர்கள் மண்ணைச் சூழ்ந்துகொள்வதால் உரசல் குறையும். ஏழெட்டுத் துணி வைத்துக்கொண்டு, அழுக்கான பக்கத்தை மடித்து மடித்துப் பயன்படுத்த வேண்டும். ஏசி தண்ணீரில் கலந்தால் வெள்ளைப் புள்ளிப் பிரச்சினையும் தீர்ந்தது. அடுக்குமாடியின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

ஆனால் மழையில் ஓடி சேறு அப்பிய காருக்கு இது கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிச் சேற்றை இறக்கியாக வேண்டும்.

வெள்ளைப் புள்ளி ஏற்கெனவே விழுந்துவிட்டதா?

புதிய புள்ளி என்றால் வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, புள்ளியின் மேல் ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு அலசுங்கள். உப்பு கரைந்துவிடும். நிழலில், குளிர்ந்த பெயின்டில், முதலில் ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். முடிந்ததும் அந்த இடத்தில் வாக்ஸ் மறுபடி போட வேண்டும்.

அதற்கும் போகவில்லை, விரலால் தடவினால் பள்ளம் மாதிரி இருக்கிறது என்றால் உப்பு கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று அர்த்தம். இனி பாலிஷ்தான். அதை அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது.

கிளே, பாலிஷ், வாக்ஸ், செராமிக்: என்ன வித்தியாசம்?

கிளே பார்: களிமண் உருண்டை போல இருக்கும். கழுவியும் போகாத பிசின், தார், இரும்புத் துகளை இழுத்து எடுக்கும். தேவையா என்று பார்க்க எளிய சோதனை: கழுவிய காரின் மேல், பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் தேவை. வழுக்கும் திரவம் தெளித்துத்தான் தேய்க்க வேண்டும். கிளே கீழே விழுந்தால் எடுத்துப் பயன்படுத்தாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் வேண்டாம்.

காம்பவுண்டு, பாலிஷ்: இரண்டும் தேய்த்து எடுப்பவை. கீறல் ‘மறைவது’ இல்லை, அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட் சமமாகக் குறைக்கப்படுகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் “பாலிஷ் போட்டுடலாமா சார்?” என்று கேட்டால் சரி என்று தலையாட்ட வேண்டியதில்லை.

வாக்ஸ், சீலன்ட்: இவை சேர்ப்பவை. கார்னாபா வாக்ஸ் பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வருவது. பளபளப்பு அருமை, ஆனால் சென்னை வெயிலில் நீண்ட நாள் நிற்காது. செயற்கை சீலன்ட்கள் கூடுதல் நாள் தாங்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள்கிறதா? பாதுகாப்பு இருக்கிறது. தட்டையாகப் பரவுகிறதா? மறுபடி போடும் நேரம்.

செராமிக் கோட்டிங்: சிலிக்கா அடிப்படையிலான கடினமான பூச்சு. சரியாகப் போட்டால் நன்றாக உழைக்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் விளம்பரத்தில் வரும் ‘9 எச்’ என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தைப் பத்து என்று வைக்கும் தாதுக் கடினத்தன்மை அளவு அல்ல. மண் துணியால் துடைத்தால் செராமிக் மேலும் கீறல் விழும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் அதன் மேலும் புள்ளி விழும். கீறலுள்ள காரில் அப்படியே போட்டால் கீறலும் உள்ளேயே தங்கிவிடும்.

மேட் பெயின்ட் கார் என்றால் சாதாரண வாக்ஸ், பாலிஷ் எதுவும் கூடாது. அதற்கென்று உள்ளதை மட்டும் வாங்க வேண்டும்.

காருக்கு உள்ளே என்ன செய்யலாம்?

முதலில் மிதியடிகளை எடுத்து உதறுங்கள், வாக்குவம் போடுங்கள். அப்புறம்தான் திரவம். எதையும் நேராக டேஷ்போர்டில் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைக்க வேண்டும். தொடுதிரைக்கும் சுவிட்சுகளுக்கும் இது ரொம்ப முக்கியம்.

டேஷ்போர்டு மின்ன வேண்டும் என்று எண்ணெய்ப்பசையுள்ள பாலிஷ் போட்டால், வெயிலில் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்து சாலை தெரியாமல் போகும். மினுக்காத ‘மேட்’ வகையை, வெயில் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டியரிங், பெடல், சீட்டில் வழுக்கும் பொருள் எதுவும் வேண்டாம். டயர் பாலிஷும் அப்படித்தான். பக்கச் சுவரில் மட்டும். சாலையில் பதியும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் படவே கூடாது.

மழைக்காலத்தில் சென்னைக்கே உரிய பிரச்சினை, கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும் ஈரம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயல் மழையிலும் பல கார்கள் அனுபவித்தது இது. லேசாக நனைந்த கார் என்றால் மிதியடி, கார்ப்பெட்டைத் தூக்கி ஃபேன் காற்றில் முழுவதும் உலர்த்துங்கள். வாசனைத் திரவியம் பூஞ்சையை மறைக்கும், நீக்காது. சீட் வரை தண்ணீர் ஏறியிருந்தால் இது கிளீனிங் விஷயமே அல்ல. ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

வீட்டு வைத்தியம்: எது சரி, எது தவறு?

பாத்திரம் தேய்க்கும் திரவம்: ஒருமுறை போட்டால் பெயின்ட் போய்விடாது. ஆனால் எண்ணெய்ப்பசையை வெட்டுவதுதான் அதன் வேலை, வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். வாரா வாரம் வேண்டாம்.

துணி துவைக்கும் பவுடர்: காரத்தன்மை அதிகம். கரையாத துகள் கீறும். வேண்டாம்.

மண்ணெண்ணெய், டீசல் துடைப்பு: உடனே மின்னும், அடுத்த ஒரு மணி நேரத்தில் தூசி அத்தனையும் ஒட்டிக்கொள்ளும். ரப்பருக்கும் கெடுதல்.

பாத்ரூம் ஆசிட்டால் அலாய் வீல் கழுவுவது: அலுமினியத்தை அரிக்கும். கழுவுபவரின் கைக்கும் மூச்சுக்கும் ஆபத்து. கூடவே கூடாது.

மங்கிய ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட்: லேசாகத் தேய்ப்பதால் தற்காலிகமாகத் தெளியும். புற ஊதாப் பாதுகாப்புப் பூச்சு போனதால் சீக்கிரமே மீண்டும் மஞ்சளாகும்.

அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர்: சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் ஃபிலிமைக் கெடுக்கும்.

கார் கவர்: சுத்தமான, உலர்ந்த காருக்குத்தான் கவர். தூசிக் காரின் மேல் போட்டால் காற்றில் அசையும்போதெல்லாம் உரசும்.

லேபிளிலும் பாட்டிலிலும் என்ன பார்க்க வேண்டும்?

பேக் செய்து விற்கும் எந்தப் பொருளிலும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். இவை இல்லாத பாட்டிலை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று. பெரிய கேனில் வாங்கி, பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நிறம் பார்த்துக் குழந்தை குடித்துவிட வாய்ப்புண்டு. அசல் பாட்டிலிலேயே, எட்டாத உயரத்தில் வையுங்கள். வீல் கிளீனர், தார் நீக்கி போன்றவற்றுக்குக் கையுறை போடுங்கள். அமிலம் உள்ள எதையும் பிளீச்சிங் பவுடருடன் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தினமும் துடைக்க ஆள் வருகிறாரா?

அடுக்குமாடிகளில் மாதச் சம்பளத்துக்கு விடியற்காலையில் வந்து பத்துப் பதினைந்து கார் துடைப்பவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வாளி, ஒரு துணி, ஒரு மணி நேரம் என்றால் யார் துடைத்தாலும் கீறல்தான் விழும். முறையை மாற்றினால் போதும்.

உங்கள் காருக்கென்று இரண்டு துணியும் ஒரு மிட்டும் கொடுத்துவிட்டு, “அண்ணே, தினமும் கண்ணாடி மட்டும் ஈரத்துணியால துடைச்சா போதும். வாரத்துல ஒரு நாள் தண்ணி ஊத்தி முழுசா கழுவிடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். சம்பளத்தைக் குறைக்கத் தேவையில்லை. அவருக்கு வேலை மிச்சம், உங்களுக்குக் கிளியர் கோட் மிச்சம். கிளீனிங் திரவம் கொடுத்தால் கையுறையும் சேர்த்துக் கொடுங்கள்.

எப்போது என்ன செய்ய வேண்டும்?

தினமும்: கண்ணாடி, சைடு மிரர். பறவை எச்சம் இருந்தால் ஈரத்துணியை ஐந்து நிமிடம் வைத்து ஊறவிட்டு மெல்ல எடுப்பது.

வாரம் ஒருமுறை: இரண்டு வாளி முறையில் கழுவுவது, அல்லது ரின்ஸ்லெஸ் வாஷ். உள்ளே வாக்குவம்.

மாதம் ஒருமுறை: ஸ்பிரே வாக்ஸ். டேஷ்போர்டு, கதவு ரப்பர் துடைப்பது. வைப்பர் தொட்டியில் போர் தண்ணீருக்குப் பதில் ஏசி தண்ணீர் நிரப்புவது, உப்பு அடைத்துக்கொள்ளாது.

வருடத்துக்கு இரண்டு முறை: அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, கவர் சோதனை செய்து தேவைப்பட்டால் கிளே, பிறகு சீலன்ட்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், உறிஞ்சும் தன்மை போய்விடும். நிழலில் உலர்த்துங்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் காரில் வைக்காதீர்கள்.

இதில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுப்பதற்கு முன் இரண்டு சொம்பு தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். காசு செலவில்லாத அந்த இரண்டு சொம்புதான், கடையில் இருக்கும் எந்த பாட்டிலையும்விட உங்கள் காரின் பளபளப்பை அதிக நாள் காப்பாற்றும்.